வயலின் ஓரமும் ஏழாம் ஆண்டும்: தோராவும் யூதப் பண்டிகைகளும் கற்பிக்கும் சமூக அறம்

தோரா என்பது எபிரேய வேதத்தின் முதல் ஐந்து நூல்களின் தொகுதி. தமிழ் விவிலியத்தில் ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம் என்ற பெயர்களில் இடம்பெறுபவை இவையே. உலகப் படைப்பில் தொடங்கும் கதை, எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த ஒரு மக்கள் கூட்டம் விடுதலை பெற்று, நாற்பது ஆண்டுகள் பாலைவனத்தில் அலைந்து, கானான் நாட்டின் எல்லைக்கு வந்து சேர்வதோடு நிற்கிறது. அந்த எல்லையில், நாட்டுக்குள் கால் வைக்காமலே, அவர்களை வழிநடத்திய மோசே இறக்கிறார். கதையின் நடுநடுவே சட்டங்கள் வருகின்றன. யூத மரபு அவற்றை 613 என்று எண்ணி வைத்திருக்கிறது.

புதிதாகப் படிப்பவருக்குத் திகைப்பூட்டுவது இந்தச் சட்டங்கள் கலந்து கிடக்கும் விதம். லேவியராகமத்தின் 19-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளலாம். பெற்றோருக்கு அஞ்சி நடப்பது, ஓய்வுநாள், பலி இறைச்சியை எத்தனை நாளுக்குள் உண்டு முடிக்க வேண்டும் என்ற விதி, வயலின் ஓரத்தை அறுக்காமல் விடுவது, திருடாமை, கூலியாளின் கூலியை விடியும்வரை கையில் வைத்திராமை, காது கேளாதவரைச் சபிக்காமை, கண் தெரியாதவர் வழியில் இடறுகல் வைக்காமை, பொய்யான எடைக்கல் வைத்திராமை என்று ஒன்றன் பின் ஒன்றாக வருகின்றன. வழிபாட்டுக்குத் தனிப் பிரிவு, வியாபாரத்துக்குத் தனிப் பிரிவு என்று எதுவும் இல்லை. பலிபீடத்தின் முன் நிற்பவனும் தராசின் முன் நிற்பவனும் ஒருவனே என்பதால் சட்டமும் ஒன்றே.

இன்னொரு தன்மை அதைவிட முக்கியமானது. தோரா மனிதனின் இரக்கத்தை நம்பிச் சும்மா இருப்பதில்லை. ஏழைக்கு இரங்கு என்று சொல்லி நிறுத்தாமல், எந்த நிலத்தில், எந்த நாளில், எந்த அளவில், யாருக்கு என்று இறங்கிப் பேசுகிறது. பண்டிகைகளும் அதே வேலையைச் செய்கின்றன. மறந்துபோகக்கூடிய கடமைகளை அவை ஆண்டுக் கணக்கில் கட்டிவைத்து, நாள் தவறாமல் திரும்பக் கொண்டுவருகின்றன.

இந்தச் சட்டங்களுக்குச் சொல்லப்படும் காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான். எகிப்தில் அடிமையாக இருந்தாய், அந்நியனாக இருந்தாய், அந்த வாழ்வு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். ஆகவே உன் நடுவில் இருக்கும் அந்நியனை ஒடுக்காதே. இந்த எச்சரிக்கை 36 இடங்களில் வருவதாக யூத சமய ஆசானான ரபி எலியேசர் சொன்னார் என்றும், 46 என்று எண்ணியவர்களும் உண்டு என்றும் ரபிகளின் விவாதத் தொகுப்பான தால்முத் குறிக்கிறது. துன்பப்பட்ட நினைவு ஒரு சமூகத்துக்குள் எளிதில் பழிவாங்கும் வெறியாக மாறிவிடும். தோரா அந்த நினைவை அந்நியனுக்கான பாதுகாப்பாக மாற்றுகிறது. எகிப்தியனைக்கூட அருவருக்காதே, அவன் நாட்டில் நீ தங்கியிருந்தாய் என்று உபாகமம் சொல்லுமிடத்தில் இது உச்சத்தைத் தொடுகிறது. ஆண் குழந்தைகளை ஆற்றில் எறியச் சொன்ன நாடு அது என்பதை நினைத்தால்தான் இந்த வரியின் கனம் விளங்கும். ஆண் குழந்தைகளைப் பிறக்கும்போதே கொல்லச் சொன்ன முந்தைய கட்டளைக்குப் பணிய மறுத்த சிப்பிராள், பூவாள் என்னும் இரண்டு மருத்துவச்சிகளின் பெயர்களை யாத்திராகமம் பதிந்து வைத்திருக்கிறது; கட்டளையிட்ட எகிப்து அரசனான பார்வோனின் பெயரைச் சொல்லவில்லை.

அறுவடைச் சட்டங்களைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வயலின் ஓரம்வரை ஒட்ட அறுக்கக் கூடாது. அறுக்கும்போது கையிலிருந்து சிந்திய கதிர்களைப் பொறுக்கக் கூடாது. மறந்து விட்டுவந்த அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. ஒலிவ மரத்தை ஒரு முறை உதிர்த்த பிறகு கிளைகளில் எஞ்சியதைத் தேடக் கூடாது. திராட்சைத் தோட்டத்தில் கீழே விழுந்த பழங்களை எடுக்கக் கூடாது. இவையெல்லாம் ஏழை, அந்நியன், அநாதை, விதவை ஆகியோருக்கு உரியவை. தனக்கென்று நிலமோ, நிலத்தில் பங்கு கேட்டு வழக்காட ஆளோ இல்லாதவர்கள் இவர்கள்தான். சட்டம் பங்கை இவர்கள் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டது. நிலக்காரன் கொடுக்கிறான் என்பதற்கே இங்கு இடமில்லை. அவனுடையது அல்லாததை அவன் தொடாமல் விடுகிறான், அவ்வளவே.

எவ்வளவு ஓரம் விடுவது என்று தோரா சொல்லவில்லை. கி.பி. 200 வாக்கில் ரபி யூதா ஹநாசி தொகுத்த வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்று கீழ்வரம்பு வைத்தது. நிலத்தின் பரப்பு, ஏழைகளின் எண்ணிக்கை இவற்றைப் பார்த்து அதற்கு மேலும் விட வேண்டும். மிஷ்னாவில் இதற்கென்றே ‘பேஆ’ என்று ஒரு தனி நூல் இருக்கிறது. அதன் விதிகளைப் படித்தால் வயல்வெளியே கண்முன் விரிகிறது. பயிரை நிற்கும் நிலையிலேயே விட வேண்டும்; ஏழைகள் தாங்களே வந்து அறுத்துக்கொள்ள வேண்டும். வந்தவர்களில் 99 பேர் நிலக்காரனே பங்கிட்டுக் கொடுக்கட்டும் என்று கேட்டு, ஒருவர் மட்டும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றால், அந்த ஒருவரின் சொல்தான் செல்லும். பேரீச்ச மரத்திலும் பந்தல் கொடியிலும் இது தலைகீழாகிறது. அங்கே ஏறி யாரும் விழுந்துவிடக் கூடாது என்பதால் நிலக்காரனே இறக்கிப் பங்கிட வேண்டும். ஓரத்துப் பயிரை அரிவாளால் அறுக்கவோ மண்வெட்டியால் பெயர்க்கவோ கூடாது. நெருக்கடியில் ஒருவர்மேல் ஒருவர் பட்டுக் காயம் படக் கூடாதே என்ற கவலை. ஏழைகள் வரக்கூடிய நேரங்களாக ஒரு நாளில் மூன்று வேளைகள் குறிக்கப்பட்டிருந்தன. வந்தவர்களில் ஒருவரை விட்டு ஒருவரைத் தடுத்தாலும், தனக்கு வேண்டிய ஏழைக்கு உதவி செய்து முந்தவிட்டாலும் நிலக்காரன் ஏழைகளிடம் கொள்ளையடித்தவன் ஆகிறான்.

ஓரத்தை ஏன் வயலின் கடைசியில் விட வேண்டும், இடையில் எங்காவது விட்டால் என்ன என்ற கேள்விக்கு ரபி ஷிமோன் சொன்ன விளக்கம் இந்தச் சட்டத்தின் உள்ளத்தையே காட்டுகிறது. இடம் நிலையாக இல்லாவிட்டால், யாரும் பார்க்காத நேரத்தில் தன் உறவுக்கார ஏழையை மட்டும் அழைத்து நிலக்காரன் எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். ஏழைகள் எப்போது விடுவான் என்று நாள் முழுதும் காத்துக் கிடக்க நேரும். வழியே போகிறவர்கள், ஏற்கெனவே விட்டிருந்தாலும், இவன் விடவில்லை என்று பழி சொல்வார்கள். விட்டுவிட்டேன் என்று பொய் சொல்லி ஏமாற்றுகிறவனும் இருப்பான். ஏழையின் நேரத்துக்கும் மதிப்பு உண்டு என்பது இந்த நான்கு காரணங்களில் ஒன்றாக இருப்பது கவனிக்கத்தக்கது. உதவி கொடுக்கும் இடங்களில் வரிசையில் மணிக்கணக்காக நிற்க வைப்பது தவறு என்று இன்றைய நிர்வாகங்கள் பலவற்றுக்குக்கூடத் தோன்றுவதில்லை.

இந்தச் சட்டம் ஒரு மனிதர் வாழ்வில் என்ன செய்தது என்பதை ரூத்தின் கதை சொல்கிறது. மோவாப் நாட்டுப் பெண்ணான ரூத் கணவனை இழந்து, மாமியார் நகோமியோடு பெத்லகேமுக்கு வருகிறாள். ஏழை, அந்நிய நாட்டவள், விதவை. வாற்கோதுமை அறுவடையின் தொடக்கம் அது. போவாஸ் என்பவரின் வயலில் கதிர் பொறுக்கப் போகிறாள். யாரையும் கெஞ்சிக் கைநீட்ட வேண்டிய நிலை அவளுக்கு வரவில்லை. சட்டம் முன்பே வழி திறந்து வைத்திருந்தது. போவாஸ் சட்டத்துக்கு மேலும் ஒரு படி போகிறார். அரிக்கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே சில கதிர்களை உருவிப் போடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்று ஆட்களிடம் சொல்லி வைக்கிறார். மாலையில் அவள் அடித்தெடுத்த தானியம் ஏறக்குறைய ஓர் எப்பா அளவு. பின்னர் போவாஸ் அவளை மணக்கிறார். அவர்களுடைய பேரனின் மகன்தான் தாவீது அரசர். எகிப்து விடுதலையை நினைவுகூரும் பஸ்காவிலிருந்து ஏழு வாரம் கழித்து வரும் ஷவுவோத் பண்டிகை, சீனாய் மலையில் தோரா அருளப்பட்ட நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்த நாளில் பல ஜெபக்கூடங்களில் ரூத்தின் கதையை வாசிக்கிறார்கள். சட்டம் அருளப்பட்ட திருநாளில், அந்தச் சட்டத்தால் பிழைத்த ஓர் அந்நியப் பெண்ணின் கதையை வாசிப்பது மிகப் பொருத்தமான தேர்வு.

கடனிலும் கூலியிலும் இதே நுட்பம் தொடர்கிறது. அன்றாடக் கூலியைச் சூரியன் மறைவதற்குள் கொடுத்துவிட வேண்டும். அவன் அதை நம்பித்தான் வேலைக்கு வந்தான். தன் இனத்து ஏழைக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி கூடாது. அடகு வாங்கக் கடன்பட்டவன் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளியே நிற்க வேண்டும், அவனே பொருளைக் கொண்டுவந்து கொடுப்பான். போர்வையை அடகு வாங்கினால் இரவுக்குள் திருப்பித் தர வேண்டும். குளிரில் அவன் வேறு எதைப் போர்த்துப் படுப்பான்? திரிகைக் கல்லை அடகு வாங்கவே கூடாது, அது வயிற்றுப் பிழைப்பு. கடன்பட்டவனுக்கும் வாசற்படி உண்டு, அந்தப் படிக்குள் அவனே தலைவன் என்பதை ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையான ஒரு மரபு உணர்ந்திருந்தது. கடன் வசூலுக்கு ஆள் அனுப்பி வீட்டுச் சாமானை வீதியில் வீசும் வழக்கம் எந்த ஊரில் இருந்தாலும், அங்கெல்லாம் இந்தச் சட்டம் படிக்கப்பட வேண்டியது.

நீதிமன்றத்தில் மட்டும் ஏழைக்குச் சலுகை இல்லை. பணக்காரனுக்கு முகம் பார்க்காதே, ஏழை என்பதற்காகவும் வழக்கில் பக்கம் சாயாதே என்று இரண்டும் சேர்த்தே சொல்லப்படுகின்றன. ஏழையின் பங்கு வயலிலும் பணப்பையிலும் தீர்க்கப்பட வேண்டியது; தீர்ப்பை வளைத்து அதைச் சரிக்கட்டக் கூடாது. அரசனுக்கும் வேலி உண்டு. குதிரைகளையும் மனைவிகளையும் பொன்னையும் அளவுமீறிச் சேர்க்கக் கூடாது. சட்டத்தின் ஒரு பிரதியை எழுதி வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுதும் படிக்க வேண்டும்.

வாரந்தோறும் வரும் ஓய்வுநாள் யூதப் பண்டிகைகளில் முதன்மையானது. வெள்ளி மாலை சூரியன் மறையும்போது தொடங்கி சனிக்கிழமை இரவில் முடிகிறது. பத்துக் கட்டளைகள் தோராவில் இரண்டு முறை வருகின்றன. யாத்திராகமத்தில், ஆறு நாளில் உலகைப் படைத்த இறைவன் ஏழாம் நாள் ஓய்ந்தார் என்பது ஓய்வுநாளுக்குக் காரணம். உபாகமத்தில் காரணம் மாறுகிறது. எகிப்தில் நீ அடிமையாக இருந்தாய், ஆகவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போலவே ஓய்வெடுக்க வேண்டும் என்று வருகிறது. மாடு, கழுதை, ஊரில் தங்கியிருக்கும் அந்நியன் ஆகியோரும் பட்டியலில் உண்டு. அடிமைக்கு விடுமுறை கிடையாது. விடுமுறை உள்ளவன் முழு அடிமையும் அல்ல. வாரம் ஒரு நாள் எசமானனுக்கு ஏவும் உரிமை இல்லாமல் போகிறது என்பதுதான் இதன் சமூகப் பொருள்.

பண்டைய உரோமர்களுக்கு இது விளங்கவில்லை. வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், ஏழாம் நாளும் ஏழாம் ஆண்டும் யூதர்களின் சோம்பேறித்தனம் என்றே எழுதினார். இந்தியாவின் கொங்கணக் கடற்கரையில் குடியேறிய பெனே இஸ்ரேல் யூதர்களை அக்கம்பக்கத்தார் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை எண்ணெய்ச் செக்கார் என்று அழைத்தார்கள். செக்காட்டிப் பிழைத்த அவர்கள் சனிக்கிழமை மட்டும் செக்கு மாட்டைப் பூட்டவில்லை. எபிரேய மொழியையும் நூல்களையும் பெரும்பாலும் மறந்துவிட்ட அந்தச் சிறு சமூகத்தில், மாட்டுக்கு ஓய்வு கொடுக்கும் வழக்கம் நூற்றாண்டுகளைத் தாண்டி நின்றது.

ஓய்வுநாளில் விலக்கப்பட்ட வேலைகளை மிஷ்னா 39 வகையாகப் பிரிக்கிறது: உழுதல், விதைத்தல், நெய்தல், எழுதுதல், நெருப்பு மூட்டுதல் என்று. இவ்வளவு கறாரான சட்டம் ஓர் உயிருக்கு ஆபத்து என்ற ஐயம் எழுந்தாலே ஒதுங்கிக்கொள்கிறது. ஆபத்து உறுதியாக வேண்டியதில்லை, ஐயமே போதும். நோயாளிக்கு மருந்து தேட, இடிபாட்டில் சிக்கியவரைத் தோண்டி எடுக்க ஓய்வுநாளை மீறலாம் என்பது அனுமதிகூட அல்ல, கடமை.

ஓய்வுநாள் மேசையில் இரண்டு அப்பங்கள் வைக்கப்படுகின்றன. பாலைவனத்தில் வெள்ளிக்கிழமைதோறும் இரு மடங்காகக் கிடைத்த, வானிலிருந்து வந்த உணவான மன்னாவின் நினைவு அது. மன்னாவின் கதையில் ஒரு பொருளாதாரப் பாடமும் உண்டு. அதிகம் அள்ளியவனும் குறைவாக அள்ளியவனும் அளந்து பார்த்தபோது தலைக்கு ஓர் ஓமர் அளவுதான் இருந்தது. மறுநாளுக்குப் பதுக்கியவன் பாத்திரத்தில் புழு நெளிந்தது.

ஏழு நாள் கணக்கு ஏழு ஆண்டுக் கணக்காக விரிகிறது. ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு: உழவு இல்லை, விதைப்பு இல்லை, தானாக முளைத்தது ஏழைக்கும் காட்டு விலங்குக்கும் பொது. அதே ஆண்டில் பழைய கடன்களும் தள்ளுபடியாகின்றன. அந்த ஆண்டு நெருங்குகிறதே என்று எண்ணி ஏழைக்குக் கடன் மறுக்காதே என்று உபாகமம் முன்கூட்டியே எச்சரிக்கிறது. மனிதர்கள் அப்படித்தான் எண்ணினார்கள். ஏரோது மன்னன் காலத்தில் வாழ்ந்த ஹில்லெல் என்ற பேரறிஞர், பணம் உள்ளவர்கள் கடன் கொடுப்பதையே நிறுத்திவிட்டதைக் கண்டார். கடன் பத்திரத்தை நீதிமன்றத்தின் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டால் ஏழாம் ஆண்டுத் தள்ளுபடி அதைத் தொடாது என்று ஒரு வழி செய்தார். இதற்கு ‘புரோஸ்புல்’ என்று பெயர். ஏழைக்காக எழுதப்பட்ட சட்டம் ஏழையையே நெரித்தபோது, சட்டத்தின் நோக்கத்தைக் காக்க அதன் சொல்லை வளைத்த துணிச்சல் இது. ஆனால் கடன் கழியும் என்ற நம்பிக்கையை ஏழை இதனால் இழந்தான் என்பதும் உண்மை. இரண்டில் அன்று பசியைத் தீர்த்தது ஹில்லெலின் வழிதான்.

நிலத்தின் ஏழாம் ஆண்டு ஓய்வு இன்றும் இஸ்ரேலில் பேசப்படும் விஷயம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே புதிதாகக் குடியேறிய உழவர்கள் ஓராண்டு விளைச்சலை இழந்தால் அழிந்துபோவார்கள் என்ற நிலையில், நிலத்தை யூதர் அல்லாதவருக்குத் தற்காலிகமாக விற்றுவிட்டுப் பயிரிடும் முறையை 1888-89 ஓய்வாண்டுக்குச் சில ரபிகள் அனுமதித்தார்கள். அது சரியா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. கடைசியாக ஓய்வாண்டு வந்தது 2021-22-இல்.

ஏழு ஏழாண்டுகள் கழிந்து வரும் 50-ஆம் ஆண்டு யூபிலி. கொம்பு ஊதி நாடெங்கும் விடுதலை அறிவிக்கப்படும். விற்ற நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்பும்; கடனுக்காகத் தன்னை விற்றுக்கொண்டவன் வீடு திரும்புவான். நிலம் இறைவனுடையது, மனிதர்கள் அதில் குடியிருப்பவர்கள் மட்டுமே என்பது இதன் அடிப்படை. ஆகவே நிலத்தின் விலையும் அடுத்த யூபிலிவரை எத்தனை அறுவடை மிச்சம் என்ற கணக்கில்தான். வறுமை தலைமுறை தலைமுறையாக இறங்கக் கூடாது, செல்வமும் சில கைகளில் நிரந்தரமாகத் தேங்கக் கூடாது என்று இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன பழஞ்சட்டம் மிக அரிது. முழுமையாக அது நடைமுறையில் இருந்ததற்குத் தெளிவான சான்று இல்லை. ஆனால் நடைமுறைக்கு வராத சட்டமும் வரலாற்றில் வேலை செய்யும். பிலடெல்பியாவின் விடுதலை மணியில் பொறிக்கப்பட்டிருப்பது லேவியராகமத்தின் இந்த யூபிலி வாசகம்தான். அமெரிக்காவில் அடிமை முறையை எதிர்த்தவர்கள் அந்த மணியைத் தங்கள் சின்னமாக்கிக்கொண்டார்கள். ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யக் கோரி 1990-களில் எழுந்த இயக்கம் ‘யூபிலி 2000’ என்று பெயர் வைத்துக்கொண்டது. 1998-இல் பர்மிங்காமில் வல்லரசுத் தலைவர்கள் கூடியபோது சுமார் 70,000 பேர் கைகோத்து நின்று கடன் தள்ளுபடி கேட்டார்கள்.

தோராவின் எல்லாச் சட்டங்களும் இன்றைய மனச்சான்றுக்கு ஒத்தவை அல்ல. எபிரேய அடிமையை ஏழாம் ஆண்டில் வெறுங்கையோடு அனுப்பாமல் விடுவிக்கச் சொன்ன அதே நூல், அந்நிய அடிமைகளைப் பரம்பரைச் சொத்தாக வைத்திருக்க அனுமதிக்கிறது. கானானியரோடு செய்யச் சொல்லும் போரின் விதிகள் கொடூரமானவை. இதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் யூத மரபு எழுதப்பட்ட வரியோடு நின்றுவிடவில்லை. கண்ணுக்குக் கண் என்ற விதியைக் காயத்துக்கான இழப்பீடாக ரபிகள் மாற்றினார்கள்: உடல் இழப்பு, வலி, மருத்துவச் செலவு, வேலை இழந்த நாட்கள், அவமானம் என்று ஐந்து தலைப்பில் பணமாகக் கணக்கிட வேண்டும். அடங்காத மகனைக் கல்லெறிந்து கொல்லும் சட்டத்துக்குப் பல நிபந்தனைகள் வைத்தார்கள். முடிவில் அப்படி ஒரு மகன் இருந்ததுமில்லை, இருக்கப்போவதுமில்லை என்று தால்முதில் ஒரு கருத்தே பதிவானது. ஏழு ஆண்டில் ஒருமுறை மரண தண்டனை விதித்த மன்றத்தையே கொலைகார மன்றம் என்று மிஷ்னா சொல்கிறது. எழுபது ஆண்டில் ஒருமுறை என்றாலும் அதே பெயர்தான் என்றார் ஒரு ரபி. சட்டத்தைக் கைவிடாமலே அதன் கூர்மையை மழுக்கும் கலை இது.

பண்டிகைகளில் இந்த நினைவெல்லாம் குடும்பத்தின் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடுகிறது. பஸ்காவின் முதல் இரவு விருந்தில் புளிப்பில்லா அப்பமும், அடிமை வாழ்வின் கசப்பைச் சொல்லும் கசப்புக் கீரையும், செங்கல் கட்டிய களிமண்ணின் நினைவாகப் பழமும் கொட்டைப் பருப்பும் அரைத்த கலவையும் வைக்கப்படுகின்றன. சடங்கைத் தொடங்கிவைப்பது வீட்டின் மிகச் சிறிய பிள்ளையின் கேள்வி: மற்ற இரவுகளிலிருந்து இந்த இரவு ஏன் மாறுபட்டது? அன்றைய இரவு முழுதும் அதற்கான பதில்தான். ஒவ்வொரு தலைமுறையும் தானே எகிப்திலிருந்து வெளியேறியதாக எண்ண வேண்டும் என்பது விதி. தொடக்கத்திலேயே பசித்தவர் எவரும் வந்து உண்ணலாம் என்று எல்லோருக்கும் புரிந்த அரமேய மொழியில் அழைப்பு விடுக்கப்படுகிறது. நான்கு கோப்பைத் திராட்சை இரசமும் சாய்ந்து அமர்ந்து உண்பதும் சுதந்திர மனிதனின் அடையாளம். ஊரிலேயே மிக ஏழையானவனுக்கும் இந்த நான்கு கோப்பை குறையக் கூடாது, பொதுத் தர்மத்திலிருந்தாவது கொடுக்க வேண்டும் என்கிறது மிஷ்னா. பண்டிகைக்கு முன் ஏழைகளின் அப்பத்துக்காகக் கோதுமைப் பணம் திரட்டும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

எகிப்தின்மேல் விழுந்த பத்து வாதைகளைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் கோப்பையிலிருந்து ஒரு துளியை வெளியே விடுகிறார்கள். பகைவரும் துன்பப்பட்டார்கள், ஆகவே மகிழ்ச்சியின் கோப்பை நிறைவாக இருக்கக் கூடாது என்பது இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். தப்பியோடியவர்களைத் துரத்திய எகிப்தியர் கடலில் மூழ்கியபோது பாடப் புறப்பட்ட வானதூதர்களை, என் படைப்புகள் மூழ்குகையில் பாட்டா என்று இறைவன் கடிந்ததாகத் தால்முதில் ஒரு கதை உண்டு. வெற்றி விழாவைத் துக்கத்தின் சாயலோடு கொண்டாடச் சொல்லிக் கொடுப்பது எளிதான கல்வி அல்ல.

இலையுதிர் காலத்தில் ஆண்டுப் பிறப்பும் அதன் பத்தாம் நாள் பாவ நிவாரண நாளான யோம் கிப்பூரும் வருகின்றன. ஏறக்குறைய 25 மணி நேரம் உணவும் நீரும் இல்லாத நோன்பு. மனிதன் இறைவனுக்குச் செய்த பிழையை இந்த நாள் தீர்க்கும். சக மனிதனுக்குச் செய்த பிழையை, அவனிடம் போய் அவன் மனத்தை ஆற்றும்வரை தீர்க்காது என்று மிஷ்னா ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. எனவே நோன்புக்கு முந்தைய நாட்களில் மன்னிப்புக் கேட்டுப் படியேறுவது வழக்கம். முதல் முறை மறுத்தால் மூன்று நண்பர்களை அழைத்துக்கொண்டு போக வேண்டும். மூன்று முறைவரை முயல வேண்டும். திருடியதைத் திருப்பிக் கொடுக்காமல் கேட்கும் மன்னிப்புக்கு மதிப்பில்லை. 12-ஆம் நூற்றாண்டின் மாமேதை மைமோனிடிஸ், மனம் திருந்தியதற்கு ஓர் அளவுகோலும் தந்தார்: அதே தவற்றைச் செய்யும் வாய்ப்பும் வலிமையும் மீண்டும் வாய்த்தும், அச்சத்தால் அன்றித் தன் மனத்தால் விலகி நின்றவனே முழுதும் திருந்தியவன். நோன்பு நாள் காலையில் வாசிக்கப்படும் தீர்க்கதரிசி ஏசாயாவின் பகுதி, பசித்தவனுக்கு அப்பம் பகிராத நோன்பு என்ன நோன்பு என்று நோன்பிருப்பவர்களையே கேட்கிறது. கூடியிருப்பவர்கள் தங்கள் பாவங்களை ‘நாங்கள்’ என்றே அறிக்கையிடுகிறார்கள்; ஒருவரின் தவற்றில் சமூகத்துக்கும் பங்கு உண்டு.

ஐந்து நாள் கழித்துக் கூடாரப் பண்டிகை. களஞ்சியம் நிறைந்திருக்கும் அறுவடைக் காலத்தில் வீட்டை விட்டு, தழை வேய்ந்த குடிலில் ஏழு நாள் உண்டு உறங்குகிறார்கள். கூரை வழியே நட்சத்திரம் தெரியும்படி வேய்வது வழக்கம். செல்வம் குவிந்திருக்கும் நேரத்தில் வீடற்ற வாழ்வை நினைவூட்டும் ஏற்பாடு இது. இந்த மகிழ்ச்சியில் அந்நியனும் அநாதையும் விதவையும் சேர வேண்டும் என்கிறது உபாகமம். கதவைத் தாழிட்டுக்கொண்டு மனைவி மக்களோடு மட்டும் உண்பவனின் மகிழ்ச்சி அவன் வயிற்றின் மகிழ்ச்சிதான் என்று மைமோனிடிஸ் கண்டித்து எழுதினார். எபிரேய வேதத்தில் வரும் எஸ்தரின் கதையை நினைவுகூரும் பூரிம் நாளிலும், குறைந்தது இரண்டு ஏழைகளுக்குக் கொடுப்பது கடமை; விருந்தைப் பெருக்குவதைவிட ஏழைக்குக் கொடுப்பதைப் பெருக்குவது மேல் என்பது அவருடைய தீர்ப்பு. கோடையில் வரும் ஆவ் மாத ஒன்பதாம் நாள் நோன்பு, எருசலேம் ஆலயத்தின் இரண்டு அழிவுகளையும் நினைக்கும் துக்க நாள். கி.பி. 70-இல் இடித்தவர்கள் உரோமர்கள். ஆனால் தால்முத் காரணத்தை வெளியே தேடவில்லை. மக்கள் ஒருவரையொருவர் காரணமின்றி வெறுத்ததால் அழிந்தது என்று தன் இனத்தின்மேலேயே பழியை வைத்தது. தோல்விக்குத் தன்னையே கேள்வி கேட்கும் நேர்மை எந்தச் சமூகத்துக்கும் தேவைப்படுவது.

யூதர்கள் நிலத்தை இழந்து நாடு நாடாகச் சிதறியபோது வயலின் ஓரம் பெரும்பாலோருக்குப் பொருளற்றுப் போயிற்று. அதன் இடத்தை ஊர்ப் பொதுப்பெட்டி எடுத்துக்கொண்டது. பணம் திரட்ட இருவர், பங்கிட மூவர் என்று மிஷ்னா வகுத்த விதி தொடர்ந்தது. தனி ஆள் கையில் பொதுப்பணம் இருக்கக் கூடாது. இப்படி ஒரு பெட்டி இல்லாத யூத ஊரைக் கண்டதுமில்லை கேட்டதுமில்லை என்று மைமோனிடிஸ் எழுதினார். அவர் வாழ்ந்து மறைந்த பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா ஜெபக்கூடத்தில் கண்டெடுக்கப்பட்ட பல்லாயிரம் கிழிந்த ஏடுகளில், ஏழைகளுக்கு அப்பம் வழங்கிய பெயர்ப் பட்டியல்களும் இருக்கின்றன.

தர்மத்தை எட்டுப் படிகளாக வகுத்தவரும் மைமோனிடிஸ்தான். முகம் சுளித்துக் கொடுப்பது கடைசிப் படி. கேட்ட பின் கொடுப்பதைவிடக் கேட்குமுன் கொடுப்பது மேல். கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று இருவருக்குமே தெரியாமல் கொடுப்பது அதனினும் மேல். எல்லாவற்றுக்கும் உச்சியில் அவர் வைத்தது கொடையை மட்டும் அன்று: விழப்போகிறவனைக் கடனாலோ கூட்டுத் தொழிலாலோ வேலையாலோ தாங்கிப் பிடித்து, இன்னொருவரிடம் கை நீட்டாத நிலையில் நிறுத்துவது. நியூயார்க்கில் ஏழைக் குடியேறிகளுக்காக 1892-இல் தொடங்கப்பட்ட எபிரேய வட்டியில்லாக் கடன் சங்கம் இந்த உச்சிப் படியில் நின்று வேலை செய்கிறது. இன்றும் அது வட்டி வாங்குவதில்லை, கடன் கேட்டு வருபவர் யூதராக இருக்க வேண்டும் என்றும் கேட்பதில்லை.